பல்பை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்
வாசகர் கேள்வி – பதில்

துறைமுகத்துக்கும் கன்டெய்னர் யார்டுகளுக்கும் இடையே ஓடும் டிரெய்லர்களின் பின்விளக்குக் கோளாறு பற்றி வடசென்னை வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: 40 அடி டிரெய்லர், 24 வோல்ட். பார்க்கிங் லைட் மட்டும் போட்டால் சுமாராக எரிகிறது. பிரேக்கை மிதித்தால் பார்க்கிங் அணைந்துவிடுகிறது. இண்டிகேட்டர் போட்டால் எல்லா விளக்கும் சேர்ந்து மங்கலாக மினுக்குகிறது. பல்பு செட்டை இரண்டு முறை மாற்றிவிட்டேன். அடுத்து என்ன மாற்றுவது?
— திருவொற்றியூர் வாசகர்

எதையும் மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று அடையாளங்களும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. டிரெய்லரின் எர்த் அறுந்திருக்கிறது, அல்லது பெயருக்குத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பேட்டரியிலிருந்து பல்புக்குப் போகும் கரன்ட் திரும்பி வர வழி வேண்டும். டிரெய்லரில் எல்லா விளக்குக்கும் அந்தத் திரும்பும் வழி ஒரே வெள்ளை ஒயர்தான். அது விட்டுப்போனால் கரன்ட் வேறு பல்பின் இழை வழியாகத் திரும்பப் பார்க்கும். பார்க்கிங் போடும்போது 5 வாட் இழையைத் தாண்டிய கரன்ட், பக்கத்திலிருக்கும் 21 வாட் பிரேக் இழைக்குள் புகுந்து, பிரேக் ஒயர் வழியாகவே முன்வண்டிக்குப் போய், அங்குள்ள பிரேக் பல்பு மூலம் எர்த்தைத் தொடுகிறது. 21 வாட் இழைக்கு எதிர்ப்பு குறைவு என்பதால் பார்க்கிங் ஏறக்குறைய சரியாக எரிவதுபோலத் தெரியும். ஆளை ஏமாற்றுவது இதுதான். பிரேக்கை மிதித்ததும் அந்த ஒயரிலும் 24 வோல்ட் வந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் 24 வோல்ட் இருந்தால் கரன்ட் எங்கே ஓடும்? விளக்கு அணைகிறது. பின்னால் வருகிறவருக்கு நீங்கள் பிரேக் பிடிப்பது தெரியாது, வண்டி நிற்பதும் தெரியாது. மணலி விரைவுச் சாலையில் இரவு ஓட்டுகிறவர்களுக்கு இது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

"டிரெய்லர் இரும்புதானே, ஃபிஃப்த் வீலில் உட்கார்ந்திருக்கிறதே, எர்த் தானாக வராதா?" என்று பட்டறையில் கேட்பார்கள். வரும், ஆனால் நிலையாக வராது. ஃபிஃப்த் வீல், அதாவது டிரெய்லரின் முன்பகுதி உட்காரும் முன்வண்டித் தட்டு, முழுக்க கிரீஸ். கிரீஸ் படலம் கரன்டைத் தடுக்கும். பள்ளத்தில் இறங்கும்போது இரும்பு இரும்பைத் தொட்டால் விளக்கு எரியும், ஏறும்போது அணையும். குலுங்கினால் மட்டும் எரிகிற விளக்குக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

சோதிக்கும் முறை: முதலில் குறை முன்வண்டியிலா டிரெய்லரிலா என்று பிரித்துவிடுங்கள். பிளக்கைக் கழற்றி, முன்வண்டியின் சாக்கெட்டில் டெஸ்ட் லேம்பு வையுங்கள். டெஸ்ட் லேம்பு என்றால் ஹோல்டரில் போட்ட 24 வோல்ட் 21 வாட் பல்பு, இரண்டு ஒயரோடு. எல்இடி டெஸ்டர் வேண்டாம். ஒரே ஒரு செம்பு இழையில் தொங்கும் ஒயரிலும் அது எரிந்துவிடும். டெஸ்ட் லேம்பின் ஒரு முனையைச் சேசிஸில் வைக்காமல் சாக்கெட்டின் 1-ஆம் பின்னில் (எர்த்) வையுங்கள். அப்போதுதான் சாக்கெட்டின் எர்த்தும் சேர்ந்து சோதனையாகும். பார்க்கிங், பிரேக், இண்டிகேட்டர் என்று ஒவ்வொன்றாகப் போடச் சொல்லி மறுமுனையை 2 முதல் 6 வரையுள்ள பின்களில் தொட்டுப் பாருங்கள் (எந்தப் பின்னில் எது என்பது கீழே மூன்றாம் பதிலில் இருக்கிறது). எல்லாம் பளிச்சென்று எரிந்தால் முன்வண்டியில் குறை இல்லை.

பிறகு பிளக்கை மாட்டி, பார்க்கிங்கைப் போட்டு, ஒருவரைப் பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை முன்வண்டி பேட்டரியில் சேசிஸுக்குப் போகும் நெகட்டிவ் முனையிலும், சிவப்பு முனையை டிரெய்லர் பின்விளக்கின் எர்த் முனையிலும் வையுங்கள். எட்டாது என்றால் 20 மீட்டர் சாதா ஒயரை நீட்டிக்கொள்ளலாம். அளவுக்கு அது போதும். அரை வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. 1 வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ இணைப்பு கெட்டிருக்கிறது. 5, 10 என்று காட்டினால் அறுந்தே போயிருக்கிறது. விளக்கு எரியும்போதுதான் அளக்க வேண்டும். சும்மா நிற்கும் வண்டியில் ஓம் அளந்தால் கெட்ட எர்த்தும் நல்லதாகத் தெரியும்.

மீட்டர் இல்லையா? ஒரு நீள ஒயரின் ஒரு முனையை முன்வண்டி சேசிஸின் பளபளப்பான இரும்பிலும், மறுமுனையைப் பின்விளக்கின் எர்த்திலும் தொடுங்கள். அந்த நொடியே எல்லாம் சரியாக எரிந்தால் நோய் தெரிந்துவிட்டது.

அறுபடும் இடங்கள் நான்கு. பிளக்கின் 1-ஆம் பின் திருகு, முன்வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கும் சுருள் கேபிளின் இரு முனைகள், டிரெய்லரின் ஜங்ஷன் பெட்டி, சேசிஸில் போல்ட் போட்ட லக் (ஒயர் முனையில் நசுக்கிய வளையம்). இந்த வரிசையிலேயே தேடுங்கள், கடற்காற்று முதலில் தின்பது பிளக்கைத்தான். பின்களில் பச்சைக் களிம்பு இருந்தால் உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேயுங்கள். பிளவுபட்ட பித்தளைப் பின் நாளடைவில் ஒடுங்கி, சாக்கெட்டில் தளர்ந்து உட்காரும். மெல்லிய கத்தி முனையால் பிளவை ஒரு மயிரிழை விரித்துவிட்டால் மறுபடி பிடிக்கும். அதிகம் விரித்தால் ஒடிந்துவிடும்.

சேசிஸ் லக்கில் பெயின்ட் மேல் போல்ட் போட்டிருந்தால் பெயின்டைச் சுரண்டி, இரும்பு மின்னும்வரை தேய்த்து, பல் வாஷர் வைத்து இறுக்கி, அதற்குப் பிறகு மேலே கிரீஸோ பெயின்டோ அடியுங்கள். நிலையான தீர்வு என்றால், சேசிஸை நம்பாமல் இரண்டு பின்விளக்குகளிலிருந்தும் ஜங்ஷன் பெட்டி வழியாகப் பிளக்கின் 1-ஆம் பின் வரை தனி வெள்ளை ஒயர், 2.5 ஸ்கொயர் எம்எம், இழுத்துவிடுவதுதான். ஏன் அவ்வளவு தடிமன் என்றால், பிரேக்கும் பார்க்கிங்கும் ஒரு பக்க இண்டிகேட்டரும் பல்பு வகைப் பக்கவிளக்குகளும் ஒன்றாக எரியும்போது அந்த ஒரே ஒயரில் சுமார் 5 ஆம்பியர் திரும்புகிறது. 15 மீட்டர் நீளத்துக்கு 1.5 ஸ்கொயர் ஒயரில் அது ஏறக்குறைய 1 வோல்ட்டை விழுங்கும். 2.5 ஸ்கொயரில் 0.6 வோல்ட்தான்.

கேள்வி: பார்க்கிங் பியூஸ் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை போகிறது. நேர்ச் சாலையில் ஒன்றும் ஆவதில்லை. துறைமுக கேட்டில் ஒடித்துத் திருப்பினால் போய்விடுகிறது. 10 ஆம்பியருக்குப் பதில் 20 போட்டுப் பார்க்கலாமா?
— மணலி வாசகர்

வேண்டவே வேண்டாம். பியூஸைப் பெரிதாக்கினால் அது போகாது, ஒயர் எரியும். கேபின் பின்பக்கம் டீசல் டேங்குக்குப் பக்கத்தில் ஓடும் ஒயர் அது.

திருப்பும்போது மட்டும் போகிறது என்று நீங்களே பாதி விடையைச் சொல்லிவிட்டீர்கள். திரும்பும்போது அசைவது முன்வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவிலுள்ள சுருள் கேபிளும், கிங்பின் (டிரெய்லரை ஃபிஃப்த் வீலோடு பூட்டும் முளை) பக்கத்தில் சேசிஸ் ஓரமாகப் போகும் ஒயரும்தான். சுருள் கேபிள் தளர்ந்து தொங்கினால் ஃபிஃப்த் வீல் ஓரத்தில் உராயும். பிளக்கின் பின்பக்கக் கழுத்தில் ஒயர்கள் ஒடிந்து ஒன்றையொன்று தொடும். டிரெய்லர் பக்கம் லேண்டிங் லெக் (பிரித்து நிறுத்தும்போது டிரெய்லரைத் தாங்கும் கால்) பிராக்கெட்டையும், ட்விஸ்ட் லாக் (கன்டெய்னரைப் பிடிக்கும் பூட்டு) பீம்களில் ஒயர் நுழையும் துளைகளையும் பாருங்கள். ரப்பர் வளையம் போடாத துளையின் விளிம்பு உறையைக் கத்திபோல அறுத்திருக்கும்.

பியூஸ்களைத் தீர்க்காமல் ஷார்ட்டைப் பிடிக்க ஒரு வழி உண்டு. டிரெய்லரின் பார்க்கிங், பக்கவிளக்குப் பல்புகளைக் கழற்றிவிடுங்கள். எல்இடி என்றால் கனெக்டரைப் பிரியுங்கள். முன்வண்டியின் பார்க்கிங்கும் அதே பியூஸில் இருந்தால் அந்தப் பல்புகளையும் எடுத்துவிடுங்கள். போன பியூஸை எடுத்துவிட்டு அது இருந்த இடத்தின் இரு முனைகளுக்கு நடுவே 24 வோல்ட் 21 வாட் பல்பை மாட்டி, பார்க்கிங் சுவிட்சைப் போடுங்கள். ஷார்ட் இல்லாதவரை பல்பு எரியாது. இப்போது ஒருவர் பல்பைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் சுருள் கேபிளை இழுத்து, வளைத்து, பிளக்கைத் திருகி, சேசிஸ் ஒயரை அடிக்கு ஓர் இடமாக ஆட்டிக்கொண்டே பின்னால் போகட்டும். எந்த இடத்தில் பல்பு பளிச்சிடுகிறதோ அங்கே உறை கிழிந்திருக்கிறது. பல்பு இருப்பதால் கரன்ட் 1 ஆம்பியரைத் தாண்டாது. எத்தனை முறை ஷார்ட் ஆனாலும் ஒயருக்கு ஆபத்தில்லை.

குறை சுருள் கேபிளில் என்றால் ஒட்டுப்போடாமல் முழுதாக மாற்றுங்கள். நீண்டு சுருங்கும் கேபிளில் எந்த ஒட்டும் நிற்காது.

கேள்வி: டிரெய்லரை வேறு முன்வண்டியில் மாட்டினால் இடதுக்கு வலது மின்னுகிறது. ஒயர் நிறத்தைப் பார்த்துச் சரிசெய்யலாம் என்றால் பிளக்குக்குள் ஆறும் கறுப்பு ஒயர். எந்தப் பின்னில் எது வரவேண்டும்?
— மீஞ்சூர் வாசகர்

பல கை மாறிய டிரெய்லரில் நிறத்தை நம்பாதீர்கள். பின்களின் பக்கத்தில் பிளாஸ்டிக்கிலேயே 1 முதல் 7 வரை எண் பொறித்திருக்கும். அழுக்கைத் துடைத்தால் தெரியும். 24 வோல்ட் ஏழு பின் பிளக்குக்கு ஐஎஸ்ஓ 1185 தரத்தின் வரிசை இது: 1 எர்த், வெள்ளை. 2 இடது பார்க்கிங், கறுப்பு. 3 இடது இண்டிகேட்டர், மஞ்சள். 4 பிரேக், சிவப்பு. 5 வலது இண்டிகேட்டர், பச்சை. 6 வலது பார்க்கிங்கும் நம்பர் பிளேட் விளக்கும், பழுப்பு. 7 நீலம், அதில் எதை எடுத்திருக்கிறார்கள் என்பது வண்டிக்கு வண்டி மாறும், ஆகவே சோதிக்காமல் இணைக்க வேண்டாம்.

உங்கள் வண்டியில் 3-உம் 5-உம் இடம் மாறியிருக்கின்றன. மாற்றும் முன், தவறு எந்தப் பக்கம் என்று முன்வண்டி சாக்கெட்டில் டெஸ்ட் லேம்பு வைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள். சரியாக இருக்கும் டிரெய்லரைத் தவறான முன்வண்டிக்கு ஏற்ப மாற்றிவிட்டால், அடுத்த வண்டியில் மாட்டும்போது மறுபடி இதே கதை.

தண்ணீர் டேங்கர் இழுக்கும் 12 வோல்ட் டிராக்டர் வைத்திருப்பவர்களும் கவனியுங்கள். அதற்கான ஐஎஸ்ஓ 1724 வரிசை வேறு: 1 இடது இண்டிகேட்டர், 2 பின்பனி விளக்கு, 3 எர்த், 4 வலது இண்டிகேட்டர், 5 வலது பார்க்கிங், 6 பிரேக், 7 இடது பார்க்கிங். லாரி வரிசையை மனதில் வைத்து டிராக்டர் பிளக்கில் 1-ஐ எர்த் செய்தால், இடது இண்டிகேட்டர் போட்டவுடன் பியூஸ் போகும்.

இன்னொன்று. பார்க்கிங் பிரகாசமாகவும் பிரேக் மங்கலாகவும் எரிந்தால் பின்னைத் தேடாதீர்கள்; 21/5 வாட் இரட்டை இழைப் பல்பைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அதன் பக்கவாட்டு முளைகள் இரண்டும் வேறு வேறு உயரத்தில் இருக்கும். தேய்ந்த ஹோல்டரில் அழுத்தித் திருகினால் தலைகீழாகவும் உட்கார்ந்துவிடும்.

கேள்வி: பின்விளக்கை எல்இடிக்கு மாற்றியபின் இண்டிகேட்டர் படபடவென்று வேகமாக மின்னுகிறது. கடைக்காரர் ரெசிஸ்டர் போடச் சொல்கிறார். எவ்வளவு, எங்கே?
— எண்ணூர் வாசகர்

ஒரு பல்பு போய்விட்டால் வேகமாக மின்னி ஓட்டுநரை எச்சரிக்கும்படிதான் பிளாஷர் செய்யப்பட்டிருக்கிறது. எல்இடி இழுக்கும் கரன்ட் மிகக் குறைவு என்பதால் பல்பு போய்விட்டதாக அது நினைக்கிறது. தனி பிளாஷர் ரிலே உள்ள பழைய வண்டி என்றால் எல்இடிக்கு ஏற்ற 24 வோல்ட் பிளாஷரை மாற்றுவதே நல்லது. கட்டுப்பாட்டுப் பெட்டியே பிளாஷர் வேலையைச் செய்யும் புது வண்டியில் ரெசிஸ்டர் போடலாம்: 27 ஓம், 50 வாட், அலுமினிய உறை போட்டது, பக்கத்துக்கு ஒன்று. இண்டிகேட்டர் ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே, விளக்குக்கு இணையாக. இது ஒரு 21 வாட் பல்பு இழுக்கும் அளவு கரன்டை இழுக்கும். 12 வோல்ட் வண்டிக்கு அதே வேலையைச் செய்வது 6.8 ஓம்.

ரெசிஸ்டர் கையைச் சுடும் அளவுக்குக் கொதிக்கும். விளக்கின் பிளாஸ்டிக்கிலோ ஒயர் கட்டிலோ கட்டாமல் சேசிஸ் இரும்பில் திருகு போட்டுப் பொருத்துங்கள். பார்க்கிங் சர்க்யூட்டில் ரெசிஸ்டர் போடக் கூடாது. இரவு முழுக்க எரியும் விளக்கு அது, சூடு ஆற நேரமே இருக்காது.

எல்இடி அடிக்கடி செத்துப்போனால் சார்ஜிங் வோல்ட்டைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது 27 முதல் 28.5 வரை இருக்கலாம். 30-ஐத் தொட்டால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறது என்று 12 வோல்ட் எல்இடி வாங்கி, இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் கரன்ட் எடுப்பவர்கள் உண்டு. அந்த ஒரு பேட்டரி நாளும் குறைச் சார்ஜில் கிடக்கும், மற்றது அதிகச் சார்ஜில் கொதிக்கும், கடைசியில் இரண்டும் போகும்.

கேள்வி: ஜீப்பில் சிறு ஃபைபர் படகை டிரெய்லரில் இழுத்துப்போய் முகத்துவாரத்தில் இறக்குகிறோம். ஒவ்வொரு முறையும் பின்விளக்குப் பல்பு உடைகிறது.
— காசிமேடு வாசகர்

சுட்ட கண்ணாடி குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் வெடிக்கும். இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பே பிளக்கைக் கழற்றிவிடுங்கள். ரிவர்ஸில் இறக்கும்போது பிரேக் மிதித்துக்கொண்டே வருவதால்தான் பல்பு அப்போது உச்சச் சூட்டில் இருக்கிறது. முழுக்க மூடி வார்த்த எல்இடி விளக்கு போட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஒயர் இணைப்புகளும் உப்புத் தண்ணீரில் மூழ்குவதால், வெள்ளீயம் பூசிய செம்பு ஒயரும் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க்கும் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் உறை) அவசியம். கரை ஏறியதும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு ஐப்பசி மழையிலும் டிரெய்லர் விளக்கு ஒரு மாதம் படுத்துவிடுகிறது. இந்த முறை முழுதாக ஒயரிங் மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். என்னென்ன வாங்க வேண்டும்?
— மாதவரம் வாசகர்

நல்ல முடிவு. மழைக்கு முன், ஆவணியிலேயே செய்துவிடுங்கள். ஈரம் ஏறிய ஒயரை மூடினால் ஈரத்தையும் சேர்த்துத்தான் மூடுவீர்கள்.

40 அடி டிரெய்லருக்கு: ஏழு கம்பி கேபிள், ஆறு கம்பி 1.5 ஸ்கொயரும் எர்த் மட்டும் 2.5 ஸ்கொயரும் உள்ளது, 15 மீட்டர். பின்பக்கம் ஒரு ஜங்ஷன் பெட்டி. பக்கவிளக்குகளுக்கு இரண்டு கம்பி கேபிள் 30 மீட்டர். எர்த் லக் பத்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் இரண்டு மூன்று அளவுகளில், ரப்பர் வளையங்கள், கிளிப்புகள். நல்ல கிரிம்பிங் குறடு ஒன்று. சாதாக் குறடால் நசுக்கிய லக் முதல் மழைக்கே தளரும்.

ஒயரைத் திருகி இன்சுலேஷன் டேப் சுற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நம் ஊர் வெயிலில் டேப்பின் பசை உருகி வழிந்து, மழை வரும்போது வெறும் ரிப்பன்தான் மிஞ்சும். பழைய ஒயரின் ஒரு பகுதியை வைத்துக்கொள்வதாக இருந்தால், முனையை வெட்டி உள்ளே பாருங்கள். செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் இன்னும் ஒரு சாண் வெட்டுங்கள். தண்ணீர் உறைக்குள் இழைகளோடு ஊர்ந்து வெகுதூரம் போயிருக்கும். மின்னும் செம்பு வரும்வரை வெட்டத்தான் வேண்டும்.

ஜங்ஷன் பெட்டியில் கேபிள் நுழையும் துளை அடிப்பக்கம் இருக்க வேண்டும், மேலே அல்ல. நுழையும் முன் கேபிள் ஒரு வளைவாகத் தொங்கட்டும். ஓடி வரும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். பெட்டியைச் சிலிக்கான் போட்டு அடைப்பவர்கள், புளிக்காடி வாடை அடிக்கும் வகையைத் தவிர்த்து வாடையில்லாத நியூட்ரல் வகையை வாங்குங்கள். வாடை அடிப்பது உலரும்போது விடும் அமிலம் செம்பை அரித்துவிடும். பின்களில் வாசலின் மெல்லிசாகத் தடவினால் போதும். வண்டி கழுவும்போது தண்ணீர்ப் பீய்ச்சியைச் சாக்கெட்டின் மூடிக்கு நேராகப் பிடிக்காதீர்கள்.

செலவோடு செலவாகப் பின்பக்கச் சிவப்பு, பக்கவாட்டு மஞ்சள் பிரதிபலிப்பு டேப்பையும் புதிதாக ஒட்டுங்கள். விளக்கு செத்த நேரத்தில் சாலையோரம் நிற்கும் டிரெய்லரைப் பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரருக்குக் காட்டுவது அது ஒன்றுதான். சேறு படிந்தால் அதுவும் காட்டாது, துடைத்து வையுங்கள்.

கேள்வி: டிரெய்லரில் வெல்டிங் வைத்த மறுநாளிலிருந்து ஏபிஎஸ் விளக்கு அணையவில்லை. சம்பந்தம் உண்டா?
— கொருக்குப்பேட்டை வாசகர்

உண்டு. வெல்டிங் கரன்ட் சேசிஸ் வழியாகப் பாய்ந்து ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கெடுத்திருக்கலாம். முதலில் ஏபிஎஸ் பிளக்கின் பின்களையும் அதற்கான பியூஸையும் சக்கர சென்சார் ஒயர்களையும் பாருங்கள். வெல்டிங் பொறி பட்டு உருகிய ஒயர்தான் காரணம் என்றால் செலவு குறைவு. அவை சரியாக இருந்தால் பழுதுக் குறியீட்டைப் படிக்கும் கருவி உள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள். இனி வெல்டிங் என்றால் டிரெய்லரை முன்வண்டியிலிருந்து பிரித்துவிடுங்கள். பிரிக்க முடியாவிட்டால் விளக்குப் பிளக், ஏபிஎஸ் பிளக் இரண்டையும் கழற்றி, முன்வண்டி பேட்டரியின் நெகட்டிவையும் எடுத்துவிடுங்கள். டிரெய்லரிலேயே இருக்கும் ஏபிஎஸ் பெட்டியின் கனெக்டரையும் பிரித்துவிடுவது பாதுகாப்பு. வெல்டிங் எர்த் கிளாம்பை வெல்டு வைக்கும் இடத்திலிருந்து ஓர் அடிக்குள், பெயின்ட் சுரண்டிய இரும்பில் மாட்டச் சொல்லுங்கள்.